மஞ்சள் மாவட்டத்துக்காரி

வரைபடத்தில் கடலோர மாவட்டத்தின் கரை பிசகாமல், நுனிநாக்கைக் கடித்துக்கொண்டு, கரும்பச்சை ஏற்றிக்கொண்டிருக்கிறார் வண்ணக்கா. புள்ளியியல் அலுவலகத்துக்குக் கணினி வந்து காலம் பல ஆயிற்று. ஆயினும் தனிநபர் வருமான வரைபடத்தின் முதல் பிரதியை அவர் கைதான் தீட்டவேண்டும். "மெஷின் தீட்டுனா சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும்" என்பார்.

வளமான மாவட்டம் பச்சை, வறியது மஞ்சள். மங்கலத்துக்குரிய நிறம் இந்த ஒரு தாளில்தான் வறுமைக்கு வந்து வாய்த்திருக்கிறது. வண்ணக்கா பிறந்ததோ மஞ்சளில், வாழ்க்கைப்பட்டதோ கரும்பச்சையில். மாமியாரின் நாவுக்கு அது போதாதா? விளக்கை அணைக்க மறந்தால், "உங்க ஊர்ல கரண்டைப் பார்த்திருந்தால்ல அணைக்கத் தெரியும்!" என்பார்.

"எங்க ஊர் பச்சையாகட்டும் அத்தை, அன்னைக்குப் பேசிக்கறேன்."

அந்த ஒரு நாளுக்காக இருபத்திரண்டு ஆண்டுத் தவம். பின்தங்கியவை விரைந்து வளர்ந்து முன்னவற்றை எட்டும் என்று அலுவலக அறிக்கை ஆண்டுதோறும் ஓதும். வண்ணக்காவுக்கு அது வேதவாக்கு.

இவ்வாண்டு தவம் பலித்தது. பிறந்த மாவட்டம் பச்சைக்கான வருமானக் கோட்டைத் தாண்டிவிட்டது. மும்முறை கூட்டிப் பார்த்துப் பூரித்தவர், ஊர்ப்பள்ளியில் ஆசிரியனாக இருக்கும் தம்பியை அழைத்தார்.

"டேய், நாம பச்சைடா!"

"என்னக்கா பச்சை? புதுச் சுரங்கத்துக்காரன் வருமானத்தை எங்க தலைக்கெல்லாம் பங்கு போட்டுட்டீங்களா? தலைக்கு வந்துச்சு சரி, கைக்கு வரலையே!" சிரித்தவன் குரல் தணிந்தது. "மஞ்சளா இருக்கறதாலதான் அரசாங்கம் பள்ளிக்கூடப் பஸ் விடுது. பச்சையானா நிறுத்திடுவாங்க. மலை மேலேருந்து நாப்பது பிள்ளைங்கக்கா."

வண்ணக்கா சுரங்கத்தைக் கழித்துவிட்டுக் கூட்டினார். மஞ்சள், பழுத்த மஞ்சள்.

மேலதிகாரி எதிரே வந்து நின்றார். "அச்சுக்கு அனுப்பணும் மேடம்."

"சுரங்கம் இருக்கற மூலைய மட்டும் பச்சையாக்கட்டுமா சார்?"

"மாவட்டத்துக்கு ஒரு கலர்தான். மாவட்டம் என்ன சட்டைத் துணியா, கட்டம் போட?"

எண் பொய்யன்று, அதைத் திருத்தும் உரிமையும் வண்ணக்காவுக்கில்லை. ஏங்கிக் கிடந்த பச்சையை இண்டு இடுக்கு விடாமல் தீட்டி முடித்தார். பிறகு மேலதிகாரியின் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, வரைபடத்தின் அடியில் எழுதினார்: 'சுரங்கம் நீங்கலாக, மஞ்சள்.'

மை உலரும்வரை ஊதினார். கையெழுத்திட வேண்டிய கட்டத்தை மேலதிகாரியின் பக்கம் திருப்பிவைத்து, பேனாவை மூடாமலே நீட்டினார்.