இன்சுலினை எங்கே வைப்பது?

லாரி டிரைவர்களின் சர்க்கரை நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்களாம். நோயாளிகளின் ஆலோசனை இல்லாமல் எதுவும் செய்ய மாட்டோம் என்று சொல்லி, இன்று என்னை நாமக்கல்லுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு லோடை விட்டுவிட்டுப் போனேன்.

கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். முதல் கேள்வியே, "வீட்டில் இரவு உணவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?"

"ஏனுங்க மேடம், மாசத்துல நாலு நாளுதானுங்க நமக்கு ஊட்டுச் சோறு. மத்தியானமானா கேபின் அடுப்பாட்டம் காயுது. அதுக்குள்ள இன்சுலினை எங்கீங்க வெக்கறது? அதைய மொதல்ல கேளுங்க" என்றேன்.

"ரொம்ப நல்ல கருத்துண்ணா" என்று ஆராய்ச்சி மேடம் குறித்துக்கொண்டார். "ஆனா கேள்வித்தாள் எல்லாம் பிரிண்ட் ஆயிடுச்சே."

அப்புறம் எதற்கு ஆலோசனை?

அதைக் கேட்க வாயைத் திறப்பதற்குள் தோளில் துண்டு போர்த்தி, போட்டோவும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்தத் துண்டைத்தான் நனைத்து, இன்சுலின் பாட்டிலைச் சுற்றி வைத்திருக்கிறேன். கூட்டத்தால் கிடைத்த பலன் அதுதான்.

டிரைவர் நண்பர்களே, நீங்கள் எங்கே வைக்கிறீர்கள்? கமெண்டில் தாராளமாகச் சொல்லுங்கள்.

இங்கே இன்னும் எதுவும் பிரிண்ட் ஆகவில்லை.