மகனின் கம்ப்யூட்டருக்கு வந்த இன்டர்நெட்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏலக்காய் வியாபாரம் பார்த்த என் மகன் போன தையில் இறந்தான். வெளிநாட்டிலிருக்கும் மகளால் சாவுக்கு வர முடியவில்லை. வீட்டையாவது பார்க்க வேண்டும் என்று போனில் அழுதாள். அதற்காகத்தான் அவன் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கேட்டேன்.

கம்பி இழுக்க வந்தவர், கம்பெனி சாஃப்ட்வேரையும் அதில் ஏற்றப் போனார். வருஷ திதி முடியும்வரை இறந்தவர் சாமானில் புதிதாக எதையும் சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

“அத ஏத்தாதீங்க அப்பு,” என்று வழக்கத்தைச் சொன்னேன்.

“அப்ப கம்பி மட்டும் பழசா ஆத்தா?” என்று சிரித்தார்.

“கம்பி செவுத்தோட நிக்கும். இது அவன் பெட்டிய்யா.”

அவர் சிரிப்பு நின்றுபோனது. சாஃப்ட்வேர் இல்லாமலே, கம்பெனி கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் கையால் அடித்து இணைப்பைக் கொண்டுவந்தார். மகன் வைத்திருந்த போடிமெட்டு மலைப் படம் திரையில் அப்படியே இருந்தது.

பிறகு வீடியோ காலில் மகள் முகம் வந்தது. “ஆத்தா, கொஞ்சம் எந்திரி. அண்ணன் சேரைப் பாக்கணும்.”

எழுந்து ஓரமாக நின்றேன். வெறும் நாற்காலியைப் பார்த்து அவள் அழுவது மட்டும் கேட்டது.

கம்பி இழுத்தவர் பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரில் அடித்தாரா, சுவரில் அவர் மாட்டிய விளக்கு மின்னும் டப்பாவிலா என்று நினைவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள்.