கெட்டி ஆயில் ஊற்றிய ஜீப்பு

வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் சத்தம் எங்கள் சிலமலை வீட்டுக்கு வந்துவிடும். காய்ந்த சோளத்தட்டையை யாரோ விடாமல் முறிப்பது போல ‘டக்கு டக்கு’ என்று கேட்கும். எழுபதுகளின் கடைசியில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன எங்கள் ஜீப்பு அது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது என்று பேர். ஓட்டுவது சித்தப்பா, அதிகாரம் அப்பாவுடையது.

இன்ஜினுக்குள் ‘கேம்சாப்ட்டு’ என்று ஓர் இரும்புத் தண்டு உண்டு என்பதும், அதில் முட்டை வடிவில் புடைத்திருக்கும் மேடுகள் சுழன்று வால்வுகளைத் திறக்கும் என்பதும், மேடு தேய்ந்தால் வால்வு பாதிதான் திறந்து வண்டி மூச்சுமுட்டும் என்பதும் எங்கள் வீட்டில் அடுப்பூதும் பெண்கள் வரைக்கும் தெரியும். சாப்பாட்டு நேரச் சண்டையே அதைப் பற்றித்தான். கிணற்றில் ஓடிய ‘ஆயில் இன்ஜினு’க்காக அப்பா கெட்டி ஆயிலைப் பீப்பாயில் வாங்கி வைத்திருப்பார், அதையே ஜீப்புக்கும் ஊற்றுவார். ஊற்றியதும் சத்தம் கொஞ்சம் அடங்கும். நோய் தீர்ந்துவிட்டதாக அவர் எடுத்துக்கொள்வார்.

“கஞ்சின்னாலும் ஆயிலுன்னாலும் கெட்டியா இருந்தாத்தான்டா தெம்பு” என்பார்.

பறிப்புக் காலத்தில் வாரத்தில் பாதி நாள் ஜீப்பு மலைமேல் போடிமெட்டிலேயே தங்கும். “அண்ணே, கெணத்து இன்ஜினு மெதுவா ஓடுது, அதுக்குச் சரி. இது மெட்டுக் குளுருல நிக்குது. காலைல எடுத்தா ஆயிலு பாகாட்டம் கெடக்கு, போக வேண்டிய எடத்துக்கு வெரசாப் போக மாட்டேங்குது. அதுவரைக்கும் இரும்பும் இரும்பும் காஞ்சு ஒரசுது” என்று சித்தப்பா சொன்ன அன்று, அப்பா வீசிய சோற்றுத் தட்டு என் காதோரமாகப் பறந்து சுவரில் மோதியது. அம்மா சோற்றைக் கூட்டி அள்ளினாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, தோட்டத்துப் பெண்களை அடைத்துக்கொண்டு ஏறிய ஜீப்பு, கொண்டை ஊசி வளைவில் இழுவையற்று நின்று, பின்னோக்கி உருண்டது. பாரத்தைப் பிரேக்கு தாங்கவில்லை. பள்ளத்தில் போகாமலிருக்கச் சித்தப்பா ஸ்டியரிங்கை ஒடித்து மலைப்பக்கப் பாறையில் மோதினார். எல்லோரும் பிழைத்தார்கள். பின்படியில் தொற்றிக்கொண்டிருந்த எங்கள் தெரு ராக்கம்மாக்காவின் கால் மட்டும் பாறைக்கும் ஜீப்புக்கும் நடுவே நசுங்கியது. முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன வழியில், போடி ஜீப்பு ஸ்டாண்டில் அம்மா கையைப் பிடித்தபடி நான் பார்த்தேன். அப்பா ஒரு பழைய ரப்பர் ஃபேன் பெல்ட்டால் சித்தப்பாவை விளாசிக்கொண்டிருந்தார். “குடிச்சிட்டு ஓட்டுனியாடா நாயே?” என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. குடிப்பழக்கமே இல்லாத சித்தப்பா முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டார். காது கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. கூடியிருந்தவர்களில் ராக்கம்மாக்காவின் தம்பிகளும் இருந்தார்கள். கூடப்பிறந்த அண்ணனே சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

சில நாள் கழித்து எங்கள் களத்திலேயே சித்தப்பா இன்ஜினைப் பிரித்தார். கேம்சாப்ட்டை மண்ணெண்ணெயில் கழுவி அப்பாவிடம் நீட்டினார். மேடுகள் சப்பையாகத் தேய்ந்திருந்தன. ஒன்று ஏறக்குறைய வட்டமாகவே ஆகிவிட்டது. அப்பா கட்டைவிரலால் தடவினார், மறுபடியும் தடவினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்தேன், எனக்குத் தெரியும்.

சித்தப்பா அதை வாங்கிக்கொண்டு, “ராக்கம்மா தம்பிக அருவாளோட திரியுறானுக அண்ணே. நான் குடிக்கல, வண்டிதான் இழுக்கலன்னு அவுக வீட்டுல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்” என்றார்.

அப்பா ஓங்கி அறைந்தார். ஸ்டாண்டில் அடித்ததையாவது ஆத்திரம் என்று நான் பொறுத்துக்கொள்வேன். உண்மை தெரிந்த பிறகு அடித்த இந்த ஓர் அறையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சித்தப்பா கையிலிருந்த தண்டு அப்பாவின் தோளில் இறங்கியது. காறையெலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். அப்படியே திரும்பி நடந்து மலையேறிய சித்தப்பா பிறகு கீழே இறங்கவே இல்லை. நான் ராக்கம்மாக்கா வீட்டுக்கு ஓடி நடந்ததைச் சொன்னேன். சித்தப்பனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று விரட்டிவிட்டார்கள்.

இப்போது கிணறுகளில் கரண்டு மோட்டார். ஆயில் பீப்பாயும் இல்லை, எங்கள் ஜீப்பும் இல்லை. சித்தப்பா தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்து வீட்டிலேயே தனியாளாகச் செத்துப்போனார். அதன் பிறகு அப்பாவும் போனார், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே. அவர் காரியம் முடிந்த மறுநாள் நான் ராக்கம்மாக்காவிடம் போய் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். செத்த தகப்பனைப் பற்றி மகள் பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, இந்த முறை நம்பினார். பிறகு கேட்டார்:

“அப்ப என் தம்பிக இத்தன வருசமா யார வெட்டத் திரிஞ்சாங்க ஆத்தா?”