மூணு ஃபங்ஷன், மூணு நாள்

ரப்பர் கருகுகிற நாற்றம்... கீழே பஞ்சர் கடை, மேலே எங்கள் ஸ்டுடியோ. ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் கம்ப்யூட்டர் சூடு. காரைக்காலில் நான் பார்த்த முதல் வேலை அது. காலேஜை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டுக் கல்யாண வீடியோ எடிட் பண்ணப் போனேன்.

ஓனர் குமார் அண்ணன் நாள் கணக்குச் சொல்கிற விதமே தனி. எத்தனை மணி நேர ஃபுட்டேஜ், எத்தனை கேமரா, எதுவும் கேட்க மாட்டார். ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு நாள். அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செலின் அக்கா வந்தார். கோவில்பத்துக்காரர், வேலை பாரிஸ் பக்கத்தில். முந்தின வாரம்தான் இங்கே மாதா கோயிலில் அவருக்குக் கல்யாணம், வீடியோ எடுத்தது நாங்கள். அவருடைய அப்பா உடம்பு முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். மகள் கல்யாணத்துக்கு வர முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்புறேங்க. திங்கக்கிழமை அப்பாவுக்கு ஆபரேஷன். ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாம் அங்க வீட்டுக்கு வர்றாங்க, கல்யாண வீடியோவ எல்லாரோடயும் சேர்ந்து உக்காந்து பாக்கணும்னு அப்பா ஆசைப்படுறாங்க. முடியுமா?"

அண்ணன் விரலை மடக்கினார். "நலுங்கு, பூசை, ரிசப்ஷன். மூணு ஃபங்ஷன், மூணு நாள். வெள்ளிக்கிழமை காலைல பென் டிரைவ் உங்க கையில."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, முடியும்ல?"

மாதா கோயிலில் நடந்த கல்யாணப் பூசை மட்டுமே ஒன்றே முக்கால் மணி நேரம். மூன்று கேமரா, சத்தம் தனி ரெக்கார்டரில். எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்...

"முடிச்சிடலாண்ணே."

அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் தீரவில்லை.

நலுங்குக்கே ஒன்றரை நாள் போனது. அண்ணன் பின்னால் நின்றுகொண்டு, "அந்தப் பூ பறக்குற எஃபெக்ட் போடும்மா, அதான் நம்ம கடை அடையாளம்" என்கிறார். பூ பறக்கவிட்டேன். ரிசப்ஷனையும் முடித்து வெள்ளிக்கிழமை விடிந்தபோது பூசை மிச்சம். ஆரம்பத்தில் சத்தத்தையும் படத்தையும் ஒட்டவைத்தேன், சரியாக இருந்தது. போகப்போக இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், கடைசிவரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஓடவிட ஒன்றே முக்கால் மணி நேரம் வேண்டுமே? வாசலில் அக்காவின் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. காப்பி பண்ணிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மோதிரம் மாத்தி வாக்குறுதி குடுக்குற இடத்துல வாய் முன்னாடி போவுது, குரல் பின்னாடி வருதும்மா. அப்பா ரெண்டு தடவ போடச் சொன்னாங்க. 'என் காதுதான் கோளாறு போல'ன்னுட்டு எழுந்து போயி படுத்துட்டாங்க."

திங்கள் மத்தியானம் அண்ணன் ஸ்டுடியோவைத் திறந்ததும் உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தைச் சரிசெய்ய எனக்கு ஆனது நாற்பது நிமிஷம். வெறும் நாற்பது நிமிஷம்! அனுப்பினேன். அக்காவின் அப்பா அப்போது ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார்.

நல்லபடியாக வெளியே வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனில் பார்த்தாராம், தனியாக. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை எந்த எடிட்டிங்கில் திருப்பிக் கொண்டுவருவது?

மன்னிப்புக் கேட்க ஃபோன் பண்ணினபோது அக்கா சொன்னார்:

"முழுசா வேணும்னு நான் எங்க கேட்டேன்மா? அந்தப் பத்து நிமிஷம் ஒழுங்கா குடுங்க, மிச்சம் ரெண்டு மாசம் கழிச்சுக்கூட போதும்னு சொல்லியிருப்பேனே. யாருமே கேக்கலியே."

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "விடும்மா, அதான் சரி பண்ணி அனுப்பிட்டல்ல" என்றார். அடுத்த பார்ட்டியிடம் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரமே வெளியே வந்துவிட்டேன்.

இப்போது தலத்தெருவில் வீட்டிலிருந்தே எடிட்டிங். யார் வந்தாலும் முதலில் கேட்கிறேன்: யார் பார்க்கப்போகிறார்கள், எந்த இடம் முக்கியம், எந்தத் தேதிக்கு? ஃபுட்டேஜைப் பார்க்காமல் நாள் சொல்வதில்லை. போன வாரம் ஒரு மாப்பிள்ளை முறைத்தார். "என்னங்க, போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிக்கிற மாதிரி கேக்குறீங்க? குமாரண்ணன் மூணே நாள்ங்கறார்."

"அங்கயே போங்க" என்றேன். போய்விட்டார்.

முன்பு என்னை எல்லாருக்கும் பிடிக்கும். எதைக் கேட்டாலும் 'முடிச்சிடலாம்' என்கிற, சிரித்த முகத்துப் பெண். எனக்குமே அவளை ரொம்பப் பிடித்திருந்தது...

அதுதான் எரிகிறது.