பனி ஊர்லேர்ந்து வந்த வெள்ளை வண்டி

பேப்பர் எழுதுனவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்னுதானே சாந்தி சிரிக்கிறே? சரி, கேட்டுட்டு அப்புறமா சிரி. உன் வீட்டுக்காரர் மணி வாங்கப்போற அந்தப் பெரிய வண்டிய ட்ரையலுக்குன்னு எடுத்துட்டு வந்து கீழ நிப்பாட்டி, பிள்ளைங்களை ஏத்தி வெச்சு ஹாரன் அடிச்சுக் காட்டிட்டு இருக்கார். அது அடங்கறதுக்குள்ள நான் சொல்லிடறேன். பக்கத்து ரூம்ல குடியிருக்கீங்க, நாளைக்கு உன் மூஞ்சியில முழிக்கணும் நான்.

இதே ஷார்ஜாவுல பழைய வண்டி விக்கிற யார்டுல எட்டு வருஷம் உட்கார்ந்தவ நான். முல்கியாங்கற வண்டி ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், வண்டிய டெஸ்ட் பண்ற பாசிங், எல்லாத்துக்கும் பேப்பர் எழுதினது இந்தக் கைதான். அந்தத் தொழில்ல ஒரே ஒரு வித்தைதான் உண்டு. வாங்க வர்றவங்க கண்ணு எங்கெல்லாம் போகுதோ, அங்க மட்டும் துடைச்சு வெச்சாப் போதும். நம்மள மாதிரி பின் சீட்டுல பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு வெயில்ல வெந்தவங்க கண்ணு எங்க போகும்னு அவங்களுக்கு அத்துப்படி.

பனிக்குப் போற வண்டி

துபாய்ல ஒரு மாலுக்குள்ள பனிமலை கட்டினாங்கல்ல, ரெண்டாயிரத்து அஞ்சாறு வாக்குல. அதுலேர்ந்து யார்டுக்கு வர்ற குடும்பத்துக்கெல்லாம் ஒரே கேள்விதான். பனிச்சறுக்குக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக எந்த வண்டி தோதுப்படும்? வெளிய நாப்பத்தஞ்சு டிகிரி கொதிக்குது. இதுல ஹீட்டரைப் போட்டுப் பார்ப்பாங்க, டயர்ல பள்ளம் எவ்ளோ ஆழம் இருக்குன்னு விரலை விட்டுப் பார்ப்பாங்க. எனக்குச் சிரிப்பும் வரும், சிரிக்கவும் முடியாது. என் வீட்டுக்காரரே முதல் தடவை இங்க வரும்போது ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்த மனுஷன்தான், வெளிநாடுன்னாலே குளிரும்னு. பதினோரு வருஷம் அது பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு. அவர் போனதுக்கப்புறம் துணிமணியெல்லாம் கொடுத்தேன், அதை மட்டும்... சரி, அது இப்ப எதுக்கு.

துபாய் கராமாவுலேர்ந்து ஒரு அக்கவுண்டன்ட் வந்தார். மூணு பிள்ளை, ஒண்ணு கைக்குழந்தை. நாலு சக்கரமும் இழுக்கற வண்டிதான் வேணும், இல்லாட்டி பனியில வழுக்கும்னு ஒரே பிடி. நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். சார், வண்டி கீழ பார்க்கிங்லயே நின்னுடும், பனி மேல இருக்குன்னு சொல்லிட்டேன். கூட வந்த அவர் பொண்டாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தா. "ஏங்க, எஸ்கலேட்டர்ல ஏறித்தான் பனிக்குப் போகணும்னா, நமக்கு எதுக்கு நாலு சக்கரமும் இழுக்கணும்?"

செல்வம் ஒட்டின படம்

அந்த நேரத்துலதான் கனடாவுலேர்ந்து கன்டெய்னர்ல ஒரு வெள்ளை வண்டி வந்து இறங்குச்சு. ஏழு பேர் உட்காரலாம், சீட்டெல்லாம் தோல், சீட்டுக்குள்ளயே ஹீட்டர் வேற. வளைகுடா சூட்டுக்குன்னே செஞ்ச வண்டிய ஜிசிசி வண்டிம்பாங்க, விவரம் தெரிஞ்சவன் அதைத்தான் முதல்ல கேப்பான். இது அது இல்ல. ஏசி சின்னது, ரேடியேட்டரும் சின்னது. ரெண்டு மாசம் ஒருத்தனும் ஏறிட்டுப் பார்க்கல.

எங்க சேல்ஸ்மேன் செல்வம் புதுக்கோட்டைப் பையன். அந்த வெயில்லயும் டை கட்டுவான். ஒருநாள் காலையில பார்த்தா, வண்டிக் கண்ணாடியில பனியில சறுக்கற பிள்ளை படம் ஒண்ணை ஒட்டிட்டு, தள்ளி நின்னு அழகு பார்க்கறான். ஏன்டா, இந்த ஊர்ல சீட்டுக்கு எவன்டா சூடு வெப்பான்னு கேட்டேன். "அக்கா, ஜிசிசி இல்லன்னு நாமளா சொன்னா அது குறை. பனி ஊர்லயே ஓடின வண்டின்னு சொல்லிப் பாருங்க, பிள்ளைகுட்டிக்காரன் வரிசையில நிப்பான்."

பேனா உருண்டது

ஒருநாள் அந்த வண்டியோட சேசிஸ் நம்பரைப் பார்த்து எழுதப் போனேன். என் பேனா கை தவறி அடியில உருண்டுடுச்சு. என் பேத்தி காயத்ரி எனக்குப் பிறந்தநாளுக்குக் கொடுத்தது, உச்சியில குட்டி பொம்மைத் தொப்பி போட்ட பேனா. விட மனசு வரல. சேலையை இடுப்புல சொருகிட்டு, தரையில படுத்து கையை நீட்டினேன். பேனா கிடைச்சுது. கூடவே கையில கறுப்பா பெயிண்டு, ஈரம் காயாத பெயிண்டு. விரலால லேசா தேச்சேன். பக்கோடா மாதிரி உதிருது அடி. அந்த ஊர்ல பனி உறையக்கூடாதுன்னு ரோட்டுல உப்பைத் தூவுவாங்களாம். அந்த உப்பு அடித்தகட்டைத் தின்னு, ஏசிக் குழாயையும் தின்னு வெச்சிருக்கு. ஆள் பார்க்க வர்ற அன்னிக்குக் காலையில ஏசிக்குக் கேஸ் நிரப்புவாங்க, ஓட்டைக் குழாய் வழியா மூணு வாரத்துல அது போயிடும். அந்தத் துருவுக்கு மேல அப்பின பெயிண்டுதான் என் கையில.

எழுந்திரிச்சா, மெக்கானிக் குல்கான் நிக்கறான். பாகிஸ்தான் பெஷாவர்க்காரன், பட்டாணியன், என்னை அம்மாஜிம்பான், ரமலான்ல எனக்குன்னு பேரீச்சம்பழம் எடுத்து வெப்பான். பெயிண்டு அடிச்சதும் அவன்தான். என் கையைப் பார்த்தான், பெட்ரோல் நனைச்ச துணியைக் கொடுத்தான். மேல பாரு, கீழ பாக்காதேன்னு தாழ்ந்த குரல்ல ஹிந்தியில சொன்னான். "ஊப்பர் தேக்கோ அம்மாஜி. நீச்சே மத் தேக்கோ."

போன்ல பேசினது

அந்த வெள்ளை வண்டிய வாங்க வந்தவங்கள்ல ஒருத்தியை மட்டும் மறக்க முடியல. தாம்பரத்துப் பொண்ணு, இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. புருஷன் செல்வத்தோட ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கப் போயிருந்தார். அவ நேரா என் மேசைக்கு வந்து, அக்கா, உங்க பொண்ணுக்கா இருந்தா இந்த வண்டிய வாங்குவீங்களான்னு கேட்டா. அத்தனை வருஷத்துல யாருமே அப்படிக் கேட்டதில்ல. எல்லாரும் குறைச்சுத் தருவீங்களான்னுதான் கேப்பாங்க.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளி உட்கார்ந்திருக்கார். நான் சட்டுனு போனை எடுத்து ஆங், ஆங், சொல்லுங்கன்னு பேச ஆரம்பிச்சேன். அவ நின்னா, ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் புருஷனைக் கூட்டிட்டுப் போயிட்டா, வாங்கல. போகும்போது சொன்னா. "அக்கா, போனைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

மாப்பிள்ளை வந்தார்

என் மக உஷா அப்ப ஒரு கிளினிக்ல லேப்ல வேலை. மாப்பிள்ளை ரமேஷ். பிள்ளைங்க காயத்ரிக்கு ஆறு, கவினுக்கு மூணு. டூட்டி முடிச்சு வந்து பிள்ளைங்களைப் பார்த்துக்கறது நான்தான். காயத்ரியைப் பனிச்சறுக்குக் கிளாஸ்ல சேர்த்தாங்க, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. அதுக்கு ஒரு பெரிய வண்டி வேணும்னு மாப்பிள்ளை எங்க யார்டுக்கே வந்துட்டார். வெள்ளை வண்டியத்தான் பிடிச்சிருக்குன்னார். நான் அன்னிக்கு ராத்திரியே வீட்ல சொல்லிட்டேன், அது வேண்டாம் மாப்பிள்ளை, அடியெல்லாம் துருன்னு. அத்தை, நீங்க பேப்பர் எழுதறவங்க, வண்டியப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு சிரிச்சார். நீ இப்ப சிரிச்ச மாதிரியேதான், சாந்தி.

சிரிச்சவர் அதோட விட்டிருக்கலாம். மறுநாள் முதலாளி ரூம்ல என்னையும் கூப்பிட்டு உட்கார வெச்சுட்டு, அத்தை ஏதோ துருன்னு சொல்றாங்களேன்னு நேரா கேட்டுட்டார். அந்த வாரம்தான் விசா புதுப்பிக்கன்னு என் பாஸ்போர்ட் முதலாளி மேசை மேல கிடந்துச்சு. அவர் கோவப்படல. அதை எடுத்து இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் நகர்த்தி வெச்சார், அவ்ளோதான். சாரதாம்மா, அப்படியான்னு கேட்டார். விசா கேன்சல் ஆனா ஒரு மாசத்துல பெட்டி கட்டணும். கவின் என் கையிலதான் சோறு தின்னுவான், என் வயித்து மேலதான் தூங்குவான். அதெல்லாம் ஒரு நிமிஷத்துல மனசுல ஓடி, "இல்ல, நான் வேற வண்டியச் சொன்னேன், இது நல்ல வண்டிதான்"னு சொல்லிட்டேன். பேப்பரும் நானே எழுதினேன், தொப்பி போட்ட பேனாவுல. முதலாளி மாப்பிள்ளை தோள்ல தட்டினார். "பார்த்தீங்களா தம்பி, உங்க அத்தையே சொல்லிட்டாங்க."

ஹீட்டர் வேலை செஞ்சது

ஜூலை மாசம், மத்தியானம். பனியில ஆடிட்டுத் திரும்பி வர்றோம். பிள்ளைங்க உடம்புல இன்னும் ரெண்டு அடுக்குத் துணி, கவின் கையுறையைக் கழட்டவே விடல. ஷார்ஜா ரோட்டுல நாலு வரிசையும் அடைச்சு நிக்குது. ஏசியில சூடா காத்து வந்துச்சு, அப்புறம் அதுவும் நின்னுச்சு. இன்ஜின் சூடு காட்டற முள்ளு சிவப்புக்கு ஏறிடுச்சு. மாப்பிள்ளை செல்வத்துக்கு போன் போட்டார். அவன் என்ன சொன்னான் தெரியுமா, வண்டி படுத்துடாம இருக்கணும்னா ஹீட்டரை ஃபுல்லா திருப்புங்க, இன்ஜின் சூடு அது வழியா வெளிய வரும். இன்ஜின் விஷயத்துல அது சரியான யோசனைதானாம், குல்கானும் அப்புறம் அதையேதான் சொன்னான். திருப்பினாங்க. அந்த வண்டியில ஒரு குறையும் இல்லாம வேலை செஞ்சது அந்த ஹீட்டர் ஒண்ணுதான்.

நான் கடைசி சீட்டுல கவினை மடியில வெச்சிருந்தேன். ஜன்னலைத் திறந்தா அதுக்கு மேல அனல். துணியெல்லாம் உருவினேன். முதல்ல அழுதான், அப்புறம் அழலை. வாந்தி எடுத்தான், கண்ணு மேல செருகிடுச்சு. ஆம்புலன்ஸ் வந்து சேர்றதுக்குள்ள எனக்கு உசுரு இல்ல. ரெண்டு நாள் ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. பிழைச்சுட்டான், நல்லாயிருக்கான். ஆஸ்பத்திரி வராந்தாவுல மாப்பிள்ளை செல்வத்தைத் திட்டறார், முதலாளியைத் திட்டறார். உஷா மட்டும் என்னையே பார்த்துட்டு இருந்தா. உனக்குத் தெரியுமாம்மான்னு கேட்டா. எனக்கு அன்னிக்குப் பொய் வரல. என் விசா, பாஸ்போர்ட், மேசை, எல்லாத்தையும் சொன்னேன். அவ சத்தமே போடல. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீ ஊருக்குத்தானேம்மா போயிருப்பே."

அதுக்கப்புறம் விசா ஒழுங்கா அடிச்சு வந்துச்சு. பிள்ளைங்களைத்தான் என்கிட்ட விடல, ஆள் வெச்சுக்கிட்டா. அடுத்த வருஷம் அபுதாபிக்கே போயிட்டாங்க. யாருக்காகப் பொய் சொன்னேனோ அவங்களை இப்ப மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கறேன். யார்டை மூடற வரைக்கும் நான் அங்கதான் எழுதினேன், வேற எங்க போக. எட்டு வருஷத்துல என்கிட்ட வாயத் திறந்து சொல்லுன்னு கேட்டது ரெண்டே தடவை, ஒரு தடவை போன் பேசினேன், ஒரு தடவை பொய் பேசினேன்.

உன் வீட்டுக்காரர் என்ன இன்னும் ஹாரனை விடல? அந்த ஜன்னலைத் திற. தம்பி மணி, வண்டிப் பேப்பரை உள்ள எடுத்துட்டு வாப்பா, நான் பார்க்கணும். முதல்ல பிள்ளைங்களை இறக்கி உள்ள கூட்டிட்டு வா.