மினுங்காத மேசை

எண்பதுகளில் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வரும் இயந்திரங்கள் பைன் மரப் பெட்டிகளில் வந்திறங்கும். பிரித்த பலகைகள் சாலையோரத்தில் எடைக்குக் கிடைத்தன. நாளிதழுக்குச் செய்தி அனுப்பியது போக மிஞ்சிய நேரத்தில், அவற்றைக் கொண்டு ஒரு சாய்வு மேசை செய்தேன். தரையில் சம்மணமிட்டு எழுதும் உயரம்.

மேசை என் மனைவிக்கு. அவள் பள்ளி ஆசிரியை. ஒற்றைத் தலைவலி உண்டு. வீட்டிலிருந்த மேசையில் பளபளக்கும் சன்மைக்காத் தகடு ஒட்டியிருந்தது. டியூப் லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும். பத்து விடைத்தாள் திருத்துவதற்குள் இருட்டறை தேடிப் படுத்துவிடுவாள். காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

பாலிஷ் போட வந்தவர் கிருஷ்ணகிரிக்காரர். வீட்டில் தெலுங்கு, மரக்கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். குனிந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும் என்பதுதான் அவர் வேலைக்கு அவரே வைத்திருந்த அளவு. மினுமினுப்பே கூடாது என்று அவள் சொன்னதும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்பிடியே குடுத்தா, பாதியில வுட்டுட்டு ஓடிட்டான்னு சொல்லுவாங்க, டீச்சரம்மா."

"சொல்றவங்க வந்து பேப்பர் திருத்தட்டும்" என்றாள்.

சிரித்துவிட்டார். மிச்சப் பலகையில் மூன்று விதமாகப் போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேர்கீழே வைத்து, தான் உட்காரும் இடத்திலிருந்து அவள் பார்த்தாள். ஆளிவிதை எண்ணெய் பூசியது மறுநாளும் காயாமல் காகிதத்தில் கறை படிய வைத்தது. மெழுகு தேய்த்தது மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளங்கை வியர்வைக்குப் பிசுபிசுத்தது. மூன்றாவது, அரக்குப் பாலிஷை முழுதாக ஏற்றி, காய்ந்த பிறகு தேய்ந்த உப்புத்தாளால் மரத்தின் ரேகைப் போக்கிலேயே உரசி மங்க வைத்தது. வெளிச்சம் அதன்மேல் விழுந்து அங்கேயே அடங்கியது. இதுதான் என்றாள்.

மேசைக்கும் அப்படியே முழுதாகப் போட்டு, தான் ஏற்றிய பளபளப்பைத் தானே உரசி அழித்தார்.

தேர்வு முடிந்த வாரத்தில் தானாகவே வந்து, தலைவலி எப்படி என்று விசாரித்தார். ஒரு வகுப்பின் கட்டு முழுவதையும் ஒரே மூச்சில் திருத்தியதாகவும், எழுந்துபோய்ச் சமையலும் செய்ததாகவும் அவள் சொன்னாள். தலையாட்டிவிட்டு, மேசையைக் கவிழ்த்தார். அடிப்பலகையில் எங்கள் மூன்று முகமும் தெரிந்தன. யாரும் கேட்காமலே அங்கே முழுப் பாலிஷ் போட்டிருந்தார்.

"யாரு போட்டதுன்னு எவனாச்சும் கேட்டா, இந்தப் பக்கத்தக் காட்டுங்க, டீச்சரம்மா."

பிறகு எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அவள் விடைத்தாள்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கவிழ்த்துக் காட்டினாள்.