நாகுவுக்குக் கொடுக்காத பழைய கவுன்

என் வீட்டில் வளர்ந்த ஒரு பெண் குழந்தைக்கு நான் பழைய துணி ஒன்றுகூட உடுத்தியதில்லை. எல்லாம் புதிதாகவே வாங்கிக் கொடுத்தேன். நான் செய்த பாவம் அதுதான்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். புதுத்துணி வாங்கிக் கொடுப்பது பாவமா என்று கேட்பீர்கள். கேளுங்கள்... ஊரே என்னைப் புகழ்ந்தது. நானும் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் புகழை வாங்கிக்கொண்டேன். கூச்ச சுபாவம் உள்ளவள் தலையைக் குனிந்தால் அதை அடக்கம் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்!

முதலில் ரூபி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற டீச்சர். புதுவாயலில் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்காக ஒரு ஹோம் நடத்தி வந்தார். குள்ளமான உருவம், ஆனால் ஓடுகிற லாரியை நிறுத்திவிடும் குரல்! நான் அங்கே சமையலுக்குக் காய் நறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சுனாமி வந்த பிறகு, பழவேற்காடு பக்கம் போன வண்டிகள் பழந்துணி மூட்டைகளை வழியெல்லாம் இறக்கிவிட்டுப் போயின. சாலையோரத்தில் அவை மண்ணோடு மண்ணாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஹோமுக்கும் மூட்டைகள் வந்தன. பட்டன் இல்லாத சட்டை, அக்குள் கிழிந்த ஜாக்கெட், எந்த மாப்பிள்ளையோ போட்டுக் கழித்த கோட்டு... காரில் கொண்டுவந்து இறக்கிய ஆளிடமே அவற்றைத் திருப்பி ஏற்றச் சொன்னார் ரூபி அம்மா.

"எங்க புள்ளைங்க உங்க ஊட்டு பீரோவக் காலி பண்ணப் பொறக்கல சார். ஒரே ஒரு கர்சீப்பு குடுங்க, போதும். ஆனா புதுசா குடுங்க."

அரிவாள்மனையை விட்டு எழுந்து கைதட்டலாம் போல இருந்தது எனக்கு. தட்டவில்லை... நான் எதற்கும் கைதட்டிப் பழகாதவள்.

அன்றிலிருந்து பழந்துணி ஹோமின் வாசற்படியைத் தாண்டியதில்லை. பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்க முன்வரும் குடும்பங்களுக்கும் இதையே கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார்.

அப்படி முன்வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், தீபா. அவளுக்கும் ஒரு துணையாக இருக்கட்டும் என்று நாகம்மாவை அழைத்து வந்தோம். நாகு என்று கூப்பிடுவோம். எட்டு வயது, தீபாவைவிட இரண்டு வயது சின்னவள். செங்கல் சூளையில் வேலை செய்த தாயையும் தகப்பனையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவள். ஒரு வருடம் இருந்து பார்ப்பது. இரு பக்கமும் பிடித்துப்போனால் எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருந்துவிடுவது. அதுதான் பேச்சு.

எப்பேர்ப்பட்ட குழந்தை! குழாயில் காதை வைத்துக் கேட்டே தண்ணீர் வரப்போவதைச் சொல்லிவிடுவாள். கூட்டல் கணக்கு என்றால், செங்கல் அடுக்குவதுபோல விரலால் காற்றில் அடுக்கிப் பார்த்து விடை சொல்வாள். என் கணவர் லேசில் சிரிக்காத மனிதர். ஒரு நாள் ஷிப்டு முடிந்து இரும்புத் தூசியோடு வந்து நின்றவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களுக்குத் துருப் புடிச்சிக்கிச்சு. பெயிண்ட் அடிக்கணும்" என்றாள். அவர் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் கேட்டதுதான்.

எங்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அது தானாக வரட்டும் என்று நினைத்தேன்... இல்லை, பொய். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் வீடுகளில் துணி மேலிருந்து கீழே இறங்கி வரும். அக்கா சட்டை தங்கைக்கு. தங்கைக்குச் சின்னதானால் சித்தி மகளுக்கு. அதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. ஒரு கவுன் எந்த வழியில் இறங்குகிறது என்று பார்த்தாலே யாருக்கு யார் உறவு என்று சொல்லிவிடலாம். தீபாவுக்குச் சின்னதாகிப் போனவை ஆரம்பாக்கத்தில் இருக்கும் என் தங்கை மகள் பவித்ராவுக்குப் போகும். அதே வீட்டில், அதே பாயில் படுத்துக்கொண்டு நாகு இருக்கும்போதும், அவளைத் தாண்டி ஆரம்பாக்கத்துக்குத்தான் போயின.

நாகுவுக்குக் கடைத்தெருவில் மைமூன் அக்கா கடையில் புதுத்துணி. மைமூன் அக்கா பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். வாய் ஓயாது.

"இன்னா விமலா, பெத்த புள்ள போன வருசத்து கவுனோட நின்னுகினு கீது, வளக்க வந்ததுக்கு மட்டும் புதுசா? மேல ஒனக்குன்னு தனியா ஊடு கட்டிகினு இருப்பாங்க, போ!"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாகு மட்டும் தீபாவின் கவுனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் நீலம், இடுப்பில் வெள்ளை ரிப்பன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட அதன் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அக்காக்கு இது சின்னதாச்சுன்னா எனக்குக் குடுப்பீங்களா?"

"ஒனக்கு எதுக்கும்மா பழசு? ரூபி அம்மா திட்டுவாங்க."

கவனித்தீர்களா? ஒரு நல்ல மனுஷி நல்ல காரணத்துக்காகப் போட்ட சட்டம்... அதன் பின்னால் நான் எவ்வளவு சுலபமாக ஒளிந்துகொண்டேன்!

பிறகு ஒரு சாயங்காலம். குழாயடியில் தீபா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடம் கழுவிக்கொண்டிருந்தாள். அதே நீலக் கவுன். பின்னால் போய்த் தலையை வருடினேன். "கண்ணு, போதும் கழுவனது, உள்ள வா" என்றேன்.

"இன்னாம்மா?"

திரும்பிய முகம் நாகுவின் முகம்.

அம்மா என்றாள்! வந்ததிலிருந்து முதல் தடவையாக. அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவேன்... என் படிப்புக்கு அதற்கு வார்த்தை இல்லை. என் கை நெருப்பைத் தொட்டதுபோல அவள் தலையிலிருந்து விலகியது.

"கழட்டு" என்றேன்.

"அக்காதான் குடுத்துச்சு... சின்னதாயிடுச்சுன்னு..."

"யாரு குடுத்தா இன்னா? மொதல்ல கழட்டு!"

சத்தமாகப் பேசத் தெரியாதவள் நான். அன்று என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. தீபா ஓடிவந்து, "நான்தாம்மா குடுத்தேன், அவள ஏன் திட்டற?" என்று அழுதாள். நாகு அழவில்லை. உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். கவுனை மடித்து என் கையில் கொடுத்தாள். "சாரி ஆன்ட்டி" என்றாள்.

ஆன்ட்டி!

ஏன் அப்படிக் கத்தினேன்? ரூபி அம்மாவின் சட்டத்துக்காகவா? அந்த நேரத்தில் அது நினைவிலேயே இல்லை. சாதியா? எங்கள் குடும்பமும் கழனியில் கூலி வேலை செய்து வந்த குடும்பம்தான். வேலை பார்த்த வீட்டார் கழித்துக் கொடுத்த புடவையைத்தான் என் அம்மா கட்டினாள். இருந்தும், சூளைக்காரர் பிள்ளை என்ற நினைப்பு மனதின் ஒரு மூலையில் இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. பின்னாலிருந்து பார்த்தபோது என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை... என் கைக்கும் தெரியவில்லை. அது என்னைப் பயமுறுத்தியது. புதுத்துணி போட்டிருந்தால் யார் என் மகள், யார் வளர்க்க வந்தவள் என்று தூரத்திலிருந்தே தெரியும். அதற்காகத்தான் அவளுக்குப் புதுசு புதுசாக வாங்கினேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி ஆரம்பாக்கம் போனேன். பையில் அந்த நீலக் கவுன். பவித்ரா அதை உடனே போட்டுக்கொண்டாள். முதுகில் ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ள, சிணுங்க ஆரம்பித்தாள். நான் எழுவதற்குள் நாகு அவள் பின்னால் போய் நின்றாள்.

"அழாத. இது இப்டிதான், பாதியில மக்கர் பண்ணும். கீழ கொஞ்சம் இழுத்துகினு அப்புறம் மேல ஏத்தணும்... பாத்தியா?"

ஜிப்பை ஏற்றிவிட்டாள். ரிப்பனை அவிழ்த்துத் திரும்ப முடிந்தாள். ஓரத்தை நீவிவிட்டாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்து, "சூப்பரா கீது!" என்றாள்.

சொல்லுங்கள், அந்த வயதில் உங்களால் முடிந்திருக்குமா? இந்த வயதில் என்னால் முடியாது. தனக்கு மறுக்கப்பட்டதை இன்னொரு குழந்தையின் உடம்பில் அழகாகப் பொருத்திவிட்டு, மனசாரப் பாராட்டவும் செய்தாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். துளிகூட இல்லை!

வருடம் முடிந்தது. ரூபி அம்மா எங்களை ஹோமுக்கு வரச் சொன்னார். நாகுவை மடியோடு சேர்த்து நிறுத்திக்கொண்டு கேட்டார். "இன்னாடி, விமலா ஊட்லயே இருந்துடறியா? உன் இஷ்டம்தான். பயப்படாம சொல்லு."

நாகு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். "வா கண்ணு" என்று இரண்டே வார்த்தை! அதுவே போதும் அவளுக்கு...

நான் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆன்ட்டி ரொம்ப நல்லவங்கம்மா" என்று ரூபி அம்மாவிடம் சொன்னாள் நாகு. "எனக்கு எல்லாமே புதுசாதான் வாங்கிக் குடுத்தாங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

ரூபி அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ளைக்கு மரியாதை குடுத்து வச்சிருந்தே விமலா. அவளுக்கு இங்க இருக்கற கூட்டத்த உட்டு வர மனசில்ல, அவ்ளோதான். நீ வருத்தப்படாதே" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? ரூபி அம்மாவின் சட்டம் சரியான சட்டம்தான். முகம் தெரியாதவர்கள் மூட்டை கட்டி எறியும் துணிக்கு அது சரி. ஒரே வீட்டில் அக்காவிடமிருந்து தங்கைக்கு இறங்கும் துணி வேறு... அதை அந்தப் பெரிய மனுஷிக்குச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்குமே! கூச்சம் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கூச்சம் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் தீபா கேட்டாள். "அவ ஏம்மா வரல? நான் எதுனா பண்ணிட்டேனா?"

"நீ இன்னா பண்ணே? அங்க அவளுக்கு சிநேகிதிங்க நெறைய பேர் கீறாங்க. நம்மளவிட அவங்கதான் அவளுக்கு முக்கியம்" என்றேன்.

தீபா இப்போது பத்தாவது படிக்கிறாள். நாகுவின் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அவள ஏன் ஞாபகப்படுத்தற? நம்மள வேணான்னு சொல்லிட்டுப் போனவதானே" என்பாள்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உங்களிடம் சொல்லிவிட்டேன்... என் மகளிடம் இன்னும் சொல்லவில்லை.